கம்பம் இரண்டாகத் தெரிந்த நாட்கள்

ஸிபுயிலே ஷெசியின் இடக்கண்ணில் அடிபட்டது சண்டையிலும் அன்று, மின்கம்பத்திலிருந்து விழுந்தும் அன்று; சொந்தத் தம்பியின் கல்யாணத்தில், ஊரே சூழ்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆட்டக்களத்தில்.

ஆண்கள் வரிசையாக நின்று, ஒரு காலைத் தலைக்கு மேல் உயர்த்தி, இம்பெண்ட்லே ஊரின் மலைச்சரிவே அதிரும்படி மிதித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்காள் என்ற முறையில் ஸிபுயிலே புல் துடைப்பத்துடன் அவர்கள் முன்னால் ஓடி, குனிந்து தரையைப் பெருக்கிக் குலவையிட்டாள். ஆடுகிறவனுக்கு எவ்வளவு அருகில் போகிறாளோ அவ்வளவு பாசம் என்பது கணக்கு. அவளுக்குத் தம்பிமேல் பாசம் அதிகம். ஆட்டத்தை முன்னின்று நடத்திய சித்தப்பா மகன் உம்ஸ்வாக்கே காலை உயர்த்திய அதே நொடியில் அவள் நிமிர்ந்தாள். குதிகால் கண்ணில் வந்து விழுந்தது. அவள் மல்லாந்து சாய்ந்ததும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்று எண்ணிக்கொண்டு, கூட்டம் இன்னும் பலமாகக் குலவையிட்டது.

"ஐயோ அக்கா! நான் உன்னைப் பாக்கலையே!" என்று அலறினான் உம்ஸ்வாக்கே.

"கண்ணு என்னோடது. பாத்திருக்க வேண்டியது நான்தான். போய் ஆடுடா, தாளம் கெடுது" என்றாள் ஸிபுயிலே, துடைப்பத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு.

மறுநாள் கண் கறுத்து, கத்தரிக்காய்போல் வீங்கி மூடிக்கிடந்தது. அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரவெல்லாம் கண்விழித்திருந்த இளம் மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு எதுவும் முறியவில்லை என்று சொல்லிக் களிம்பும் வலி மாத்திரையும் கொடுத்தனுப்பினார். இடக் கன்னமும் மேலுதட்டின் இடப்பாதியும் மரத்துக்கிடந்ததை அவள் சொல்லவில்லை. பல் பிடுங்கினாலும் இப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை வீக்கம் சற்று வடிந்து இமை திறந்தது. முற்றத்தில் நின்று எதிரேயிருந்த மின்கம்பத்தைப் பார்த்தாள். உச்சியிலிருந்த குறுக்குக்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிந்தது. தலையைப் பின்னால் சாய்த்தால் ஒன்று. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினால் இரண்டு. மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் அப்படியே. வீட்டுக்குள் போய், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மீண்டும் கழுவத் தொடங்கினாள்.

பதின்மூன்று ஆண்டுகளாக அவள் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவள். அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. எழுத்தர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தேவாலயத்துக்கு அணியும் காலணியோடு மாரிட்ஸ்பர்க் நகருக்குப் போனாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அந்த வரிசை முடிந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே வரிசை கம்பம் ஏறுபவர்களுக்கானது. வந்ததற்கு அதிலாவது நிற்போம் என்று நின்றாள்.

"ஏறத் தெரியுமா, பொண்ணே?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"காளை துரத்துனப்ப மரம் ஏறியிருக்கேன்."

"எறங்கத் தெரியுமா?"

"காளை போனதும் எறங்கிட்டேன்."

அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் காலணியைக் கழற்றிவிட்டுப் பாதிக் கம்பம் ஏறியிருந்தாள். இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. இம்பெண்ட்லே முதல் புல்வர் வரையில் எந்தக் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் எந்தப் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். தந்தை விட்டுச்சென்ற வீட்டுக்குப் புதுக்கூரை போட்டதும், தம்பிக்காகப் பெண்வீட்டாருக்குப் பரிசமாக அனுப்பிய பதினொரு மாடுகளில் நான்கை வாங்கிக் கொடுத்ததும் அந்த வேலைதான்.

இரு கண்களும் சேர்ந்து ஒரு பொருளை ஒன்றாகக் காணாதவர்கள் கம்பம் ஏறக் கூடாது என்பது வாரியத்தின் விதி. மாடு முட்டிக் கண் கெட்டுப்போன ஊழியர் ஒருவர் இப்போது கிடங்கில் உட்கார்ந்து கையுறை எடுத்துக் கொடுக்கிறார். எப்போது போனாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "மேல காத்து எப்படி இருக்கு?" அந்தக் கேள்வியைத் தானும் பிறரிடம் கேட்கும்படி ஆகிவிடுமோ என்று ஸிபுயிலே அஞ்சினாள். ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தாள்.

அவளோடு வசித்தவள் அத்தை பஜாபுலிலே, தந்தையின் தங்கை. மூக்குப்பொடி டப்பா இல்லாமல் அத்தையைக் கண்டவர் எவரும் இலர். வியாழக்கிழமை, மருமகளின் கண் திறந்துவிட்ட மகிழ்ச்சியில், முன்னோர்களுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள். வீட்டின் பின்சுவர் அருகே மண்டியிட்டு, மூலிகைப் புகையிட்டு, ஷெசி குலத்து மூத்தோர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, தரையில் ஒரு சிட்டிகை பொடி தூவினாள். மறுசிட்டிகையை ஸிபுயிலேயின் உள்ளங்கையில் வைத்தாள்.

பொடி போட்டு வாய்விட்டுத் தும்மினால் முன்னோர் உடன் இருக்கிறார்கள் என்று பொருள். சுற்றியிருப்பவர்கள் "வளரணும்!" என்று வாழ்த்துவார்கள். அந்த வீட்டில் ஒருவரும் தும்மலை மறைத்ததில்லை. ஆனால் அன்று ஸிபுயிலேக்கு மூக்கு குறுகுறுத்தபோது, அதிர்ந்தால் கன்னம் வலிக்குமே என்ற பயம் வந்துவிட்டது. இரு விரல்களால் மூக்கை இறுகப் பிடித்து, வாயையும் மூடிக்கொண்டாள். தும்மல் உள்ளுக்குள்ளேயே வெடித்தது. மறுநொடி, அடுப்பில் வைத்த ரொட்டிமாவைப்போல் இடக்கண் பொம்மென்று உப்பி மூடிக்கொண்டது.

"தும்மலைப் பிடிச்சியா?" அத்தை துள்ளி எழுந்தாள். "பாட்டனாரு மூக்கு வழியா வந்தா, நீ கதவைச் சாத்திட்டியேடி! இப்ப பாரு, கண்ணு வழியா வந்து நிக்கிறாரு!"

"பாட்டனாரு இவ்வளவு குண்டா, அத்தை?"

"நம்ம குலத்துல யாருடி ஒல்லி?"

சிரிக்கப்போன ஸிபுயிலே இமையைத் தொட்டாள். விரலுக்கடியில் ஏதோ நொறுநொறுவென்று பொடிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலையில், இரண்டு டாக்ஸி மாறி, மாரிட்ஸ்பர்க்கில் ஒரு பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்கு இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நோயாளிகளை முதலில் பார்ப்பவர் மாஸோண்டி என்ற மூத்த செவிலியர். பெண்களைக் குலப்பெயருக்கு முன்னால் 'மா' சேர்த்து அழைப்பதுதான் அங்கே மரியாதை என்பதால் அவரும் இவளை அப்படியே அழைத்தார்.

"உக்காரு, மாஷெசி. யாரு குத்துனது?"

"குத்தலை, சிஸ்டர். உதைச்சது."

"வீட்டுக்காரனா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. தம்பி கல்யாணத்துல, ஆட்டத்துல..."

மாஸோண்டி நம்பாமல் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். "இங்க வர்ற பொம்பளைங்க எல்லாருமே கதவுல இடிச்சுக்கிட்டேன்னுதான் சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க."

"நானே பாத்தேன். காலு நல்லா ஒயரமா வந்துச்சு. ஆட்டத்துல ஒரு குத்தமும் சொல்ல முடியாது" என்றாள் அத்தை, செவிலியர் ஆட்டத்தைக் குறை கூறிவிட்டதாக எண்ணிக்கொண்டு.

மாஸோண்டியின் முகம் இளகியது. வீங்கிய இமையை மெல்லப் பிரித்து, முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்; கண்மணியில் விளக்கடித்துப் பார்த்தார். பார்வைக்குக் கேடில்லை. பிறகு இமையின் மேல் விரல்நுனிகளை வைத்து அழுத்தினார்.

"உறைபனி விழுந்த புல்லு மேல நடக்கிற மாதிரி இருக்கே. உள்ள காத்து புகுந்திருக்கு. மூக்கைச் சிந்துனியா?"

"தும்மலை அடக்கினேன்."

"அப்ப காத்து போறதுக்கு எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கு." பஞ்சுத் திரியால் இரு கன்னங்களையும் தொட்டார். வலப்பக்கம் கூசியது, இடப்பக்கம் தொட்டதே தெரியவில்லை. மாஸோண்டி தலையசைத்துக்கொண்டு ஒரு பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "தலையை ஆட்டாம இதைப் பாரு. எத்தனை?"

"ஒண்ணு."

பேனா மேலே போனது. "இப்ப?"

ஸிபுயிலேயின் முன் இரண்டு பேனாக்கள் நின்றன. "ஒண்ணுதான்" என்றாள்.

மாஸோண்டி பேனாவை இறக்கவில்லை. "ஒன் வாய் ஒண்ணுன்னு சொல்லுது. வலக்கண்ணு பேனாவைப் பாக்குது. இடக்கண்ணு என் மூக்கைப் பாத்துக்கிட்டு நிக்குது. இவங்க மூணு பேருல நான் யாரை நம்பறது?"

ஸிபுயிலே தலையைக் குனிந்துகொண்டாள். "நான் கம்பம் ஏறுறவ, சிஸ்டர். ரெண்டுன்னு நீங்க எழுதிட்டா என்னைக் கிடங்குல உக்கார வெச்சுருவாங்க."

"சரி, ஒண்ணுன்னே எழுதறேன். நீ மேல போய், இல்லாத கம்பியைப் பிடிச்சா, அப்புறம் ஒன்னை எங்க உக்கார வெப்பாங்க?"

பிறகு மாஸோண்டி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "டாக்ஸிக் கதவுல பாவாடை ஓரம் மாட்டிக்கிட்டா என்ன ஆகும்? நீ எந்திரிக்கப் பாப்ப; அது கீழ இழுக்கும். ஒன் கண்ணுக்குக் கீழ ஒரு எலும்புத் தரை இருக்கு, முட்டை ஓட்டுக் கனம்தான். அது விரிஞ்சு, கண்ணைத் தூக்குற, எறக்குற சதையில ஒண்ணு அந்த விரிசல்ல மாட்டியிருக்குன்னு நெனக்கிறேன். அதான் அந்தக் கண்ணு மேல போக மாட்டேங்குது. இப்ப கதவைத் தொறந்தா பாவாடை முழுசா வரும். மாசக்கணக்குல விட்டா அங்கேயே ஒட்டிக்கும். இப்ப சொல்லு, எத்தனை பேனா?"

"ரெண்டு" என்றாள் ஸிபுயிலே. சொன்ன பிறகுதான், மூன்று நாட்களாக மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்ததுபோல் அவளுக்குத் தோன்றியது.

அன்று பிற்பகலே ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணறுவைச் சிகிச்சை மருத்துவர் மகாயே படத்தை வெளிச்சத்திரையில் காட்டினார். நெற்றிக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு குழிகள். வலக்குழியின் தரை சீராக இருந்தது. இடக்குழியின் தரை நடுவில் பிளந்து, அதன் வழியே ஏதோ ஒன்று ஒழுகாத துளிபோல் கீழே தொங்கியது. அதற்குக் கீழே கன்னத்தின் காற்றறை, மூக்கோடு தொடர்புடையது. அடக்கிய தும்மல் அந்த வழியாகத்தான் மேலேறியிருக்கிறது.

"முன்னாடி எடுத்த எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னாங்களே?" என்று கேட்டாள் அத்தை.

"அதுல இது ஒளிஞ்சுக்கும், அம்மா. ஸ்கேன்ல குறுக்கே சீவி சீவிப் பாத்தாத்தான் அகப்படும்." மருத்துவர் ஸிபுயிலேயின் பக்கம் திரும்பினார். "எல்லா விரிசலுக்கும் கத்தி தேவையில்லை, பலது தானாவே ஆறிரும். உங்களுக்குச் சதை மாட்டிக்கிட்டு இருக்கு, தரையும் எறங்கிப்போச்சு. அதனால செஞ்சுதான் ஆகணும். காத்தும் வீக்கமும் வடியட்டும், வர்ற புதன்கிழமை வெச்சுக்கலாம். கீழ் இமைக்கு உள்பக்கமாப் போய், மாட்டினதை மேல எடுத்து, ஓட்டை மேல மெல்லிசா ஒரு உலோக வலைத்தகடு போடுவேன்."

"மொகத்துல தழும்பு விழுமா? இவளுக்கு இனிமேத்தான் மாப்பிள்ளை வரணும்" என்றாள் அத்தை.

"வெளிய ஒரு கீறல்கூடத் தெரியாது."

"கத்தியெல்லாம் நல்லாத் தீட்டி வெச்சிருக்கீங்கல்ல?"

"நீங்க வேணும்னா தீட்டிக் குடுங்க, அம்மா."

ஸிபுயிலே சிரிக்கவில்லை. "பார்வை போயிருமா, டாக்டர்?"

"ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா போகவே போகாதுன்னு சொன்னா நான் பொய் சொல்றவன்."

"திரும்பக் கம்பம் ஏறுவேனா?"

"நூத்துக்கு நூறுன்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா நாள் கடத்தாம வந்துட்டீங்க. அது பெரிய விஷயம்."

"இவ எங்க வந்தா? தும்மல்ல இழுத்துட்டு வந்தவரு எங்க பாட்டனாரு" என்றாள் அத்தை.

மருத்துவர் அதை மறுக்காமல் விதிகளை அடுக்கினார். இன்றிலிருந்து, அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் முடியும்வரை, மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்கக் கூடாது. வாயை அகலத் திறந்து விட்டுவிட வேண்டும்.

"கேட்டியா! படிச்சவரு சொல்றாரு! நான் நேத்தே சொன்னேன்!" அத்தை பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதோட, பொடி வாசனைகூட வீட்டுக்குள்ள வரக் கூடாது."

அத்தையின் கை தானாக இடுப்பிலிருந்த டப்பாவை மூடிக்கொண்டது. "எதுக்கும் இன்னொரு டாக்டரைக் கேட்டுப் பாக்கலாமா?" என்றாள்.

புதன்கிழமை அறுவை நடந்தது. ஸிபுயிலேக்கு நினைவிருப்பதெல்லாம் தலைக்கு மேலிருந்த வட்ட விளக்குத்தான். அது இரண்டாகத் தெரிகிறதே என்று எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள். விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. செவிலியர்கள் மாறி மாறி வந்து, இமையை விலக்கி விளக்கடித்து, "வெளிச்சம் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். தெரிந்தது. ஒவ்வொரு முறையும் "தெரியுது" என்று சொல்வதே அவளுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

ஆனால் மறுநாள் மருத்துவர் விரலை உயர்த்தியபோது, இரண்டு விரல்கள் தெரிந்தன. முன்னைவிடவும் விலகி நின்றன. அவள் வாயைத் திறக்காமல் இரண்டு விரல்களைக் காட்டினாள். கண்ணீர் வழிந்தது. மூக்கைச் சிந்தவும் வழியில்லை, ஒழுகவிட்டுத் துணியால் ஒற்றிக்கொண்டாள்.

"எதிர்பாத்ததுதான்" என்றார் மகாயே. "சதை பத்து நாளா நசுங்கிக் கிடந்திருக்கு, இப்ப வீங்கியிருக்கு. தகடு போட்டதும் நான் இடுக்கியால உங்க கண்ணைப் பிடிச்சு மேல உருட்டிப் பாத்தேன். முன்னாடி பாதியில நின்னுச்சு. இப்ப தடையில்லாமப் போகுது. பாவாடை வெளிய வந்துருச்சு; சுருக்கம் போக நாளாகும்."

மாஸோண்டியின் உவமை மருத்துவமனை முழுவதும் வழக்கத்தில் இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் குளிர்காலம் மெல்ல நகர்ந்தது. தலையை அசைக்காமல், கட்டைவிரலைப் பார்த்தபடியே கண்ணை மேலும் கீழும் கொண்டுபோக வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை. அத்தை எதிரில் உட்கார்ந்து எண்ணுவாள். எண்ணிக்கை ஏழுக்கு வந்ததும் எழுந்து மாட்டுப்பட்டிக்குப் போய்விடுவாள். அங்கிருந்து ஓங்கி ஒரு தும்மல் கேட்கும். மாடுகள் மிரளும். திரும்பி வந்து, ஒன்றும் நடவாததுபோல் "எட்டு" என்பாள்.

உம்ஸ்வாக்கே சனிக்கிழமைதோறும் ஒரு கோழியோடு வந்து நின்றான்.

"இன்னும் எத்தனை கோழிடா கொண்டுவருவ?" என்று கேட்டாள் ஸிபுயிலே.

"உனக்குக் கண்ணு சரியாகிற வரைக்கும், அக்கா."

"அப்ப இப்படியே இருந்துடறேன். அத்தைக்கும் கோழி புடிக்கும்."

அவன் சிரித்தானே தவிர, முகம் தெளியவில்லை. போகும்போது, இனிமேல் ஆட்டத்தில் முன்வரிசையில் நிற்கப்போவதில்லை என்றான். "மொதல்ல துடைப்பத்தோட குறுக்கே வராத அக்காவாப் பாத்துத் தேடு" என்று அவனை அனுப்பிவைத்தாள். ஆனால் அவன் தலை மறைந்ததும் முற்றத்தில் நின்று, கம்பத்தைப் பார்த்தாள். இரண்டுதான்.

காலைதோறும் அதுவே அவளுடைய முதல் வேலையாயிற்று. இரு கட்டைகளுக்கும் நடுவிலிருந்த வானம் முதலில் ஒரு கையகலம் இருந்தது. மூன்றாம் வாரத்தில் இருவிரற்கடை ஆயிற்று. பிறகு நூலளவு. கன்னத்தில் எறும்பு ஊர்வதுபோல் உணர்வு திரும்பத் தொடங்கியது. ஆறாம் வாரத்தில் ஒருநாள், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்த காலையில், வழக்கம்போல் நின்று கண்ணை உயர்த்தினாள். கண்களை மூடித் திறந்தாள். மீண்டும் பார்த்தாள்.

"அத்தை! இங்க வாங்க! அந்தக் கம்பத்துல கட்டை எத்தனை?"

அத்தை போர்வையோடு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணு. ஏன், திருட்டு ஏதும் போயிருச்சா?"

ஸிபுயிலே உறைபனிப் புல்லிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். நடுநடுவே அழவும் செய்தாள். நனைகிறதே, எழுந்திரு என்று இழுக்க வந்த அத்தையும், காரணம் புரிந்ததும், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மாதம் முடிந்ததும் வாரிய மருத்துவரிடம் போனாள். அவர் வளைந்த பலகையொன்றின் முன் அவளை உட்கார வைத்து, ஒளிப்புள்ளியை எல்லாத் திசைகளிலும் நகர்த்தினார். நேராக ஒன்று. கீழே ஒன்று. மேலே, இன்னும் மேலே, ஒன்று. உச்சியின் விளிம்புக்குப் போனபோது புள்ளி மெல்லப் பிளந்தது. அவர் கவனிக்கவில்லை, தாளில் எழுதிக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"டாக்டர், இங்க ரெண்டாத் தெரியுது" என்றாள்.

அவர் எழுதுவதை நிறுத்தி, திரும்ப வந்து அளந்தார். மற்றொரு முறையும் அளந்தார்.

"இவ்வளவு ஒயரத்துக்குத் தலையைத் தூக்காம யாரும் பாக்க மாட்டாங்களே" என்றார் அவர். "வாரியம் அனுமதிக்கிற அளவுக்கு உள்ளதான் இருக்கு. இதுக்கு நான் ஒங்களைத் தடுக்க முடியாது. நீங்களே சொன்னதால இன்னொண்ணும் எழுதறேன்: உள்ளதைச் சொல்ற ஆளு, நம்பலாம். மேற்பார்வையாளர் முன்னால ஒரு தடவை ஏறிக் காட்டிட்டு வேலைக்குப் போங்க."

வாரிய முற்றத்துப் பயிற்சிக் கம்பத்தின் அடியில் மேற்பார்வையாளர் வுசுமுஸி நின்றார். அவள் இரும்புக் கொக்கிக் காலணியை மாட்டி, இடுப்பு வாரைக் கம்பத்தைச் சுற்றிப் பூட்டி, ஓர் அடி, மற்றோர் அடி என்று ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். கீழே பார்த்தாள்: ஒரே ஒரு வுசுமுஸி, ஒரே ஒரு தொப்பி. மேலே போனாள். உச்சியில் முகவாயை உயர்த்திப் பார்த்தபோது, கட்டையும் பீங்கானும் கம்பிகளும் தத்தம் இடத்தில், உள்ளபடி நின்றன. நீண்ட நேரம் அவள் ஒன்றும் செய்யாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைப்பக்கத்திலிருந்து வந்த காற்று கம்பத்தை மெல்ல ஆட்டியது.

"போதும், மாஷெசி! தேறிட்ட! எறங்கு!" என்று கீழிருந்து கத்தினார் வுசுமுஸி.

"எறங்க மாட்டேன்! இந்தப் பீங்கானோட போல்ட்டு தளர்ந்து கிடக்கு. எத்தனை மாசமா யாருமே மேல பாக்கலையா?" அவள் கருவிகளை மேலே இழுக்கும் கயிற்றைக் கீழே இறக்கிவிட்டாள். "வேடிக்கை பாக்காம ஸ்பேனரைக் கட்டி அனுப்புங்க."